பிடித்துத் தைத்த சட்டை

ஒன்பதாம் வகுப்பில் எங்களை எடை போட்டார்கள். எழுபதுகளின் கடைசி அது. நாமக்கல் டவுனில் இருந்த பெண்கள் பள்ளிக்கு நான் புதுச்சத்திரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த எடை மெஷினை மைதானத்து வேப்பமரத்தடியில் வைத்து, எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். டிரில் டீச்சர் குனிந்து முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். வகுப்பு லீடர் நோட்டில் எழுதுவாள். முப்பத்தேழு, நாற்பது, முப்பத்தைந்து என்று போய்க்கொண்டிருந்தது. நான் ஏறினேன். டீச்சர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார்.

"எழுபத்தொண்ணு."

லீடர் எழுதாமல் நின்றாள். "டீச்சர், அம்பத்தொண்ணுங்களா?" அவள் கேலிக்காகக் கேட்கவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அவளுக்கு நிஜமாகவே காதில் சரியாக விழவில்லை.

"எழுபத்தொண்ணும்மா. ஏழு, ஒண்ணு."

வரிசையின் முன்பக்கம் தொடங்கிய சிரிப்பு பின்னால் வரை போயிற்று. மெஷினைவிட்டு இறங்க எனக்குக் கால் வரவில்லை. என் பின்னால் நின்றிருந்தவள் என்னை மெல்ல நகர்த்திவிட்டுத் தானே ஏறிக்கொண்டாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவளே முள்ளைப் பார்த்துக் கத்தினாள்.

"அறுபத்தெட்டுங்க டீச்சர்! இவளவிட மூணு கிலோ கம்மியா இருக்குது. கொசுறு போட்டுக் குடுங்க!"

டீச்சர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு என்னை விட்டு அவள் பக்கம் போய்விட்டது. எனக்காகத்தான் அப்படிச் செய்தாளா, அவளுக்கே அது பழக்கமா என்று நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கடைசி பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்தோம். நான்கு பேர் உட்காரும் பெஞ்ச் அது. எங்களோடு வேறு யாரும் வந்து உட்காரவில்லை. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் லாரி நிற்கிற ஊர் என்பதால் எங்கள் இருவருக்கும் சேர்த்து 'லோடு' என்று பெயர் வைத்தார்கள். "லோடு வந்திருச்சு, ஓரம் போங்கடி" என்பார்கள். அவள் வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டுவாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவள் அப்பா தையல்காரர். சேலம் டவுனில் ஒரு மாதா கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். பிழைப்புக்காக அங்கிருந்து நாமக்கல் வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை போட்டிருந்தார். முன்பக்கம் தையல் மெஷின், பின்பக்கம் வீடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவர்தான் சீருடை தைத்தார். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, நீலத் தாவணி. மகள் பருமனாக இருப்பதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று தெரியாது. அவள் அம்மாவுக்கு இருந்தது. "இவளுக்குத் துணி எடுக்கறதுல ரெண்டு சின்னதுகளுக்கும் எடுத்திரலாம்" என்று நான் இருக்கும்போதே சொல்வார். அவளும் சிரிப்பாள். தம்பிகள் இருவரும் சிரிப்பார்கள்.

நான் பிறவியிலேயே குண்டு இல்லை. பதினொரு வயது வரை எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து நீச்சலடித்தவள். பன்னிரண்டில் பெரிய மனுஷி ஆனேன். பதினாறு நாள் பச்சை ஓலைக் குச்சில் உட்கார வைத்தார்கள். தினமும் விடிந்ததும் பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய், பிறகு கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. களியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றி, அந்த எண்ணெய் தீரும் வரை அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பார். "இடுப்புக்குப் பலம் வேணும் சாமி, முழுங்கு" என்பார். வந்த ஒறம்பரைச் சனமெல்லாம் ஆளுக்கொரு தூக்குப் போசியில் களி கொண்டுவந்தார்கள். சீர் முடிந்தபிறகும் களி நிற்கவில்லை. கிணறுதான் நின்றது. கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, மரம் ஏறக் கூடாது, மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போகக் கூடாது, ஓடக் கூடாது. பஸ்ஸில் போகலாம், பெஞ்சில் உட்காரலாம், வீட்டுக்கு வந்து தின்னலாம். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. எல்லோரும் "பூசுனாப்புல இருக்குறா" என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டாவது வருஷமும் போனது. அப்போது சொல் மாறிவிட்டது.

மாற்றி வைத்தவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. அத்தை மகனுக்கு என்னைக் கட்டுவது என்பது நான் தொட்டிலில் கிடந்த காலத்துப் பேச்சு. ஒரு தை மாதம் ஊருக்கு வந்தவர் வாசலில் நின்றே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, புள்ளையக் கட்டறது இருக்கட்டும். எங்கூட்டு வாசப்படி பத்துமான்னு அளந்து பாத்துட்டு வாரேன்."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்திருக்க வேண்டாம். உள்ளே அம்மாவின் கையில் இருந்த கரண்டி சட்டியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அன்று சாயங்காலமே அம்மா கொள்ளை ஊறப்போட்டார்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எள்ளைப் பிழிந்த எண்ணெயை இரண்டு வருஷம் ஊற்றியவரே அடுத்த வருஷம் கொள்ளு ரசம் வைத்து நீட்டினார். காலையில் கொள்ளுக் கஞ்சி, இரவில் கொள்ளு ரசம், இடையில் பள்ளிக்கு ஒரு டப்பியில் மோர்ச்சோறு. என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நெய் விட்டுச் சாப்பிடுவான். சாமான் அறைக்கு அம்மா பூட்டுப் போட்டார். பூட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை. களத்தில் கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. கரும்பு ஆலையாட்டும் காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் சூடாக வெல்லம் கிடைத்தது. பசியில் தின்றதைவிட பயத்தில் தின்றதுதான் அதிகம். அடுத்த வேளை கிடைக்காது என்ற பயம். அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, இளைக்கவில்லை என்று தெரிந்ததும், "கொள்ளும் கேக்கலையே, நான் என்னத்தச் செய்ய" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் அழுவதைப் பார்த்தால் எனக்குக் களத்துப் பக்கம் போகத் தோன்றும்.

பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான். "பாப்பா, உனக்கு ரெண்டு டிக்கெட்டு கிழிக்கோணுமே" என்று தினமும் சொல்வார். தினமும் அதையே சொன்னார். அதில் ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றியதில்லை.

பத்தாம் வகுப்பில் அது நடந்தது. தை போய் மாசி பிறந்தபோது தையல்காரர் மகள் என்னிடம், "தவக்காலம் வருதுடி. இந்த வருஷம் நான் ராத்திரிச் சாப்பாட்ட ஒப்புக்கொடுக்கப் போறேன்" என்றாள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் அவர்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். அம்மா காபி, அப்பா பீடி, தம்பிகள் மிட்டாய். இவள் ராத்திரிச் சோற்றையும் சர்க்கரையையும் விட்டாள்.

இரண்டு வாரத்தில் அவள் முகம் வற்றத் தொடங்கியது. முதலில் நான்தான் கவனித்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால். கழுத்தில் இருந்த இரண்டு மடிப்பு ஒன்றானது. மூன்றாவது வாரம் தமிழ் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, "எந்திரி பாக்கலாம். அடேயப்பா, இடுப்பு தெரியுதே!" என்றார். வகுப்பே கை தட்டியது. அவள் எழுந்து இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன்.

தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். வகுப்பறை மூலையில் இருந்த மண்பானையை மத்தியானத்துக்குள் காலி செய்துவிட்டு என் டப்பித் தண்ணீரையும் கேட்பாள். மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாமக்கல் பக்கத்து வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது? ஒரு பீரியடுக்கு ஒரு தடவை ஒதுங்கப் போக அனுமதி கேட்டாள். கணக்கு டீச்சர் ஒரு நாள் விடவில்லை. அவள் பெஞ்சில் நெளிந்துகொண்டு என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கொட்டகைக்குப் பின்னால், சுவரை ஒட்டி நாங்கள் ஒதுங்கும் இடம். ஒரு நாள் அங்கிருந்து வந்தவள் என் காதில் சொன்னாள்.

"ஏன்டி, நான் போன எடத்துல மட்டும் எறும்பு வருதுடி."

"எறும்பா?"

"ஆமா. வரிசையா வருது. நேத்தும் வந்துச்சு. சக்கரைய விட்டதுல நானே வெல்லக்கட்டி ஆயிட்டேன் போல."

இரண்டு பேரும் பெஞ்சில் தலை வைத்துக்கொண்டு, டீச்சருக்குத் தெரியாமல், வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்குப் பதினைந்து வயது. எறும்பு எதற்கு வரும் என்று எனக்குத் தெரியாது. அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. மூத்திரத்தைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

பங்குனி தொடக்கத்தில் என் சட்டை கையிடுக்கில் கிழிந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா கடைக்குப் போனார். அங்கே மேசையில் ஏற்கெனவே ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. அவளுடையது. அவர் அதன் பக்கத் தையலைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டுச் சட்டையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார்.

"பாருங்கம்மா. ஒரு மாசத்துல மூணு தடவ சைடு பிடிச்சாச்சு. நம்ம புள்ளைதான்! இனிமே பிடிக்கறதுக்கு எடமில்ல, புதுசாத்தான் வெட்டோணும்."

நான் பார்த்த வரை அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உள்ளேயிருந்து அவள் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். அம்மா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் பையிலிருந்து என் சட்டையை எடுத்து மேசையில், அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதப் பிரிச்சு உடோணுமுங்க. உள்ள துணி இருக்குதுங்களா?"

அவர் உள் மடிப்பைத் தடவிப் பார்த்தார். "போன தடவையே எல்லாத்தையும் உட்டுட்டனுங்கம்மா. வேற துணி ஒட்டுப் போட்டுத்தான் தைக்கோணும்."

"ஒட்டுப் போடுங்க" என்றார் அம்மா. அப்புறம் அவளிடம் திரும்பிக் கேட்டார்.

"நீ அப்பிடி என்ன சாமி திங்கற? இவளுக்கும் சொல்லு."

"ஒண்ணுமில்லைங்கம்மா. தண்ணிதான். தண்ணியாக் குடிக்கிறேன்."

மறுநாள் விடியற்காலையிலிருந்து அம்மா ஒரு பெரிய செம்பில் தண்ணீரோடு வந்து என் பாயின் பக்கத்தில் நின்றார். ஒரு செம்பு, இரண்டு செம்பு. மூன்றாவது செம்பில் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். "அந்தப் புள்ள குடிக்குது, உனக்கு மட்டும் எறங்காதா?" என்று அம்மா முதுகைத் தடவிக்கொண்டே திட்டினார்.

இதற்கு அடுத்ததைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டம். நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. டீச்சர் அவளை இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றினார், முன்னால் உட்கார இடம் கிடைத்துவிட்டதென்று. டிரில் டீச்சர் அணிவகுப்பில் அவளை நடு வரிசையில் நிறுத்திவிட்டு, வேப்பமரத்தடியில் தனியாக நின்ற என்னிடம், "அவளப் பாரு. மனசு வெச்சா முடியாதா? வாயக் கட்டத் தெரியல உனக்கு" என்றார். நான் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருக்கு வைத்த பெயர் எனக்கு மட்டும் ஆனது. அவள் இடைவேளையில் என்னிடம் வந்து பேசியபோது அவள் வாயிலிருந்து கனிந்த கொய்யாப்பழ வாசம் அடித்தது. ஒளித்து வைத்துப் பழம் தின்கிறாள், எனக்கு மட்டும் தண்ணீர் என்று பொய் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். "பழந்தானே தின்னுட்டு வர்ற?" என்று கேட்டேன். "இல்லடி, சத்தியமா" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து நாள், பன்னிரண்டு நாள் இருக்கும், பேசவில்லை. அந்த நாட்களில் அவள் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே இருந்தாள். டீச்சர்கள் யாரும் எழுப்பவில்லை. பட்டினி கிடந்து படிக்கிற பிள்ளை என்று அவள்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

பரீட்சைக்கு முந்தின வாரம், காலைப் பிரார்த்தனையில் அவள் சரிந்து விழுந்தாள். ஆபீஸ் அறை பெஞ்சில் படுக்க வைத்தார்கள். டிரில் டீச்சர் டப்பாவிலிருந்து குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கி, "அவ சேத்தாளி நீதான? குடிக்க வை" என்று டம்ளரை என் கையில் கொடுத்தார். நான் அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகட்டினேன். ஒரே மூச்சில் குடித்தாள். "இன்னொண்ணு குடுடி" என்றாள். இன்னொன்று கலக்கினோம். அதையும் நான்தான் கொடுத்தேன். பேசாமல் இருந்ததற்கு அது சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

"கோவம் போயிருச்சா?" என்று கேட்டாள்.

"போயிருச்சு."

"எனக்குக் காலெல்லாம் வலிக்குதுடி. எளைக்கறதுன்னா இப்பிடித்தான் இருக்குமா?"

எனக்கென்ன தெரியும்? நான் இளைத்ததே இல்லையே.

மறுநாள் அவள் வரவில்லை. வாந்தி என்றார்கள். பக்கத்து வைத்தியர் ஒருவர் வெயில், பித்தம் என்று மருந்து கொடுத்தாராம். மூன்றாம் நாள் மூச்சு ஓட்டப்பந்தயம் ஓடியவள் மாதிரி வாங்கியிருக்கிறது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. டாக்ஸி பிடித்துச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அம்மா டாக்டரிடம் சண்டை பிடித்தாராம்.

"சக்கரையா? அவ சக்கரையே தொடலைங்களே! தவக்காலம்னு விட்டுட்டாளே!"

மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள். ஈஸ்டர் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது.

அம்மாவும் நானும் சேலத்துக்குப் பஸ்ஸில் போனோம். அவர்கள் மாதா கோயிலுக்கு முன்னால் பந்தலில் பெட்டியை வைத்திருந்தார்கள். அவளுக்கு ஒரு வெள்ளை கவுன் போட்டிருந்தார்கள். அவள் அப்பா ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்தது. புதுசாக வெட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாரே, அதற்குக் குறித்து வைத்திருந்த அளவில் தைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் அவள் இளைத்திருந்தாள். கவுன் தொளதொளவென்று கிடந்தது. ஜெபம் சொல்லி முடியும் வரை அவர் பெட்டியின் பக்கத்தில் நின்று இடுப்புப் பக்கத்துத் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். யாரோ வந்து அவர் கையை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கை மறுபடியும் அங்கே போயிற்று.

எங்கள் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். எந்த ஊர்க்காரர்களோ தெரியாது.

"குண்டா இருந்தாளாம் முந்தி. எளைச்சதுக்கப்புறம் என்ன லட்சணம் பாருங்க."

"ஆமா. அனுபவிக்கக் குடுத்து வெக்கல, பாவம்."

அம்மா திரும்பி அவர்களைப் பார்த்தார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் நாங்கள் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் அம்மா ஒரு பெரிய பன்னை வாங்கி என் கையில் வைத்து, "தின்னு" என்றார். நான் தின்றேன். இன்னொன்று வாங்கினார். அதையும் தின்றேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் மல்லூர் தாண்டியதும் நான் எறும்பைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் ஊரில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். மூத்திரத்தில் சர்க்கரை இறங்கினால் எறும்பு வரும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்து இறுக்கினார்.

"எப்பச் சொன்னா?"

"மாசில."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரும்புக்காடும் சோளத்தட்டும் போய்க்கொண்டிருந்தன.

"ஆருகிட்டயும் சொல்லாத" என்றார். "சொன்னா எந்திரிச்சு வரப்போறாளா? அவங்க அப்பனாத்தா தாங்க மாட்டாங்க."

நான் சொல்லவில்லை. அவள் வாயில் அடித்த பழ வாசமும் அந்த நோய்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மாசியில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நாற்பது வருஷத்துக்குப் பிறகு என் சொந்தச் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தக் காலத்துல சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு, "ஊசி போட ஆரம்பிச்சிருந்தா, ஒருவேளை" என்றார். அந்த 'ஒருவேளை'யை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் கேட்காமல் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சாவுக்குப் பிறகு அம்மா சாமான் அறையைப் பூட்டவில்லை. கொள்ளும் ஊறவில்லை. தினமும் காலையில் என் இடுப்பைக் கண்ணால் அளப்பார். இளைக்காமல் இருக்கிறேன் என்று பார்த்ததும் நிம்மதியாகத் திரும்பிப் போவார். என் வாழ்க்கையில் என் உடம்பு யாருக்காவது ஆறுதல் கொடுத்தது அந்த இரண்டு மாதம்தான். அத்தை மகனுக்குச் சேந்தமங்கலத்தில் பெண் பார்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று பூட்டு திரும்பி வந்தது. பரீட்சையில் கணக்கில் தவறினேன். "போதும், மறுக்கா எழுதி என்ன கலெக்டரா ஆகப்போற?" என்று அப்பா சொன்னார். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

அப்புறம் நான்கு வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பலகாரம் தின்றுவிட்டுப் போய் ஊரிலிருந்து சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு மாப்பிள்ளையின் அம்மா மட்டும் முகத்துக்கு நேராக, "ரெண்டு சுத்து கொறைச்சீங்கன்னா மறுக்கா வாரோமுங்க" என்றார். அம்மா அவரைக் கும்பிட்டு அனுப்பினார். கடைசியில் முதல் மனைவி தவறிப்போன ஒருவருக்குப் பேசி முடித்தார்கள். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

கல்யாணச் சேலைக்குச் சட்டை தைக்க அம்மா அவள் அப்பாவின் கடைக்கே கூட்டிப் போனார். சாவுக்குப் பிறகு அந்த மனிதரை நான் போய்ப் பார்க்கவில்லை. கடை இருந்தது. மேசை இல்லை. தரை முழுக்கத் தார்ப்பாய் விரிந்து கிடந்தது. லாரிக்குப் போடும் தார்ப்பாய். அவர் அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோணி ஊசியால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"துணி தைக்கறதில்லீங்கம்மா இப்ப" என்றார் அம்மாவிடம். "அளவு எடுக்க வரமாட்டேங்குது."

பிறகு என் பக்கம் திரும்பினார். என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். அப்படி என்னைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர் பார்வையில் மட்டும் ஒரு பசி இருந்தது.

"ஒடம்ப எளைக்க உட்டுறாத, அம்மிணி" என்றார்.

எறும்பு விஷயம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்தார். நாங்கள் படி இறங்கினோம். வேறு கடையில் தைக்கக் கொடுத்தோம்.

கல்யாணம் புதுச்சத்திரத்தில், மாரியம்மன் கோயிலுக்கு எதிரில் பந்தல் போட்டு நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து எனக்கு மோரும் பழமும் மட்டும். முகத்து வீக்கம் வடியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாலி கட்டியபிறகும் பந்தியில் என்னை உட்கார வைக்கவில்லை. பெண் எவ்வளவு தின்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள் என்று சித்தி சொன்னார். மூன்று பந்தி எழுந்தது. நான்காவது பந்தி, சமையல்காரர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் இலை போட்டபோது அம்மா என்னைக் கூப்பிட்டு ஓரத்தில் உட்கார வைத்தார். சாம்பார் தீர்ந்திருந்தது. சோறும் ரசமும் ஒரு அப்பளமும் வைத்தார்கள். முதல் உருண்டையை எடுத்து வாயில் வைத்தபோது அம்மா என் பின்னால் குனிந்து, பந்தல் பக்கம் கண்ணை ஓட்டிக்கொண்டே, காதோடு சொன்னார்.

"மெதுவாத் தின்னு சாமி. பாக்கறாங்க."